அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் யூத மரபின் தடங்கள்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் யூதர்களின் தொழுகைக்கூடம் கிடையாது. ஆயினும் யூத மரபு இவ்வட்டாரத்திற்கு அந்நியமானதன்று. இங்குள்ள மக்களின் பெயர்களில் அது வழங்கி வருகிறது. கத்தோலிக்கர் வாழும் ஊர்களில் சூசை என்ற பெயரைக் கேட்கலாம். சீர்திருத்தத் திருச்சபையினர் யோசேப்பு என்பர். வெள்ளாற்றங்கரையில் உள்ள இலப்பைக்குடிக்காடு போன்ற இசுலாமியர் மிகுந்த ஊர்களில் இதுவே யூசுப். மூன்றும் யோசேஃப் என்னும் ஒரே எபிரேயப் பெயரிலிருந்து பிறந்தவை. சூசை என்பது போர்த்துக்கீசியர் வழியாகவும், யூசுப் என்பது அரபு வழியாகவும், யோசேப்பு என்பது விவிலிய மொழிபெயர்ப்பு வழியாகவும் தமிழுக்கு வந்தன.

நான்காவது வடிவம் ஒன்றும் உண்டு. அது ஒலியைப் பின்பற்றாமல் பொருளைப் பின்பற்றி அமைந்தது. அதைத் தந்தவர் வீரமாமுனிவர்.

இத்தாலியில் 1680-இல் பிறந்து 1710-இல் கோவாவுக்கு வந்த கான்சுதந்தீன் யோசேப்பு பெசுகி என்னும் இயேசு சபைத் துறவியே வீரமாமுனிவர். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் அவர் பல்லாண்டுகள் பணியாற்றினார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்குள்ள அடைக்கல மாதா மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அவருடைய மருத்துவத்தால் நோய் நீங்கிய அரியலூர் அரங்கப்ப மழவராயர் ஆலயத்திற்கு நிலம் வழங்கினார் என்பது அவ்வாலயத்தின் மரபுச் செய்தி.

1726-இல் அவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவன் தாவீதின் குலத்தில் வந்த யூதரான சூசையப்பர். அவருக்கு வீரமாமுனிவர் இட்ட பெயர் வளன். விவிலியத்தின் தொடக்க நூலில் ராகேல் தன் மகனுக்கு யோசேப்பு என்று பெயரிடும்போது, இறைவன் இன்னொரு மகனையும் சேர்த்துத் தருவாராக என்று வேண்டுகிறாள். சேர்த்தல், பெருகச் செய்தல் என்பதே அந்த எபிரேயச் சொல்லின் பொருள். பெருக்கத்தைக் குறிக்கும் வளம் என்ற சொல் அதனோடு நன்கு பொருந்துகிறது. திருமுழுக்கு யோவான் இக்காப்பியத்தில் கருணையன் ஆகிறார். யோகனான் என்றால் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்று பொருள். கத்தோலிக்கரிடையே யோவானுக்கு வழங்கிவந்த அருளப்பர் என்ற பெயரும் இவ்வகையானதே. 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பில் அருளப்பர் மீண்டும் யோவானாகிவிட்டார். ஒற்றுமைக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் அழகான ஒரு தமிழ்ச் சொல் பின்னுக்குப் போனது இழப்பே.

காப்பிய மரபுப்படி தேம்பாவணி நாட்டுப் படலத்தோடும் நகரப் படலத்தோடும் தொடங்குகிறது. அங்கே வருணிக்கப்படும் நாடு யூதேயா, நகரம் எருசலேம். ஆனால் மழையும் ஆறும் வயலும் தமிழ்நாட்டிற்கு உரியவை. வறண்ட குன்றுகள் நிறைந்த யூதேயா, தமிழ் வாசகருக்காக மருத நிலமாக மாறிவிடுகிறது. திருக்குடும்பம் எகிப்துக்குச் செல்லும் பகுதியில் பழைய இசுரயேலின் கதைகள் இடம்பெறுகின்றன. யோசுவா, கிதியோன் ஆகியோரின் வெற்றிகளுக்குத் தனித்தனிப் படலங்களே உண்டு.

அதே காலத்தில் தரங்கம்பாடியில் இன்னொரு பணி நடந்தது. சீகன்பால்கு 1719-இல் இறக்கும் முன் பழைய ஏற்பாட்டை ரூத்து நூல் வரை தமிழாக்கியிருந்தார். எஞ்சியதை சூல்ச்சு முடித்தார். யூதர்களின் மறைநூல் உரைநடையாகக் கடற்கரையிலும் அவர்களின் கதை செய்யுளாகக் காவிரிச் சமவெளியிலும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் தமிழாயின. இரு தரப்பினரும் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்து நூல் எழுதினர் என்பது வேறு கதை.

இவை யாவும் கிறித்தவர் பார்வையில் சொல்லப்பட்ட யூத மரபு. உயிரோடு வாழ்ந்த யூதர்கள் தொலைவில் இருந்தனர். ஏறக்குறைய கி.பி. 1000-இல் சேர மன்னர் பாசுகர ரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. பகல்விளக்கு, குடை, தோரணம் முதலிய உரிமைகள் அதில் குறிக்கப்படுகின்றன; இச்சொற்களுக்கு நமக்கு அகராதி வேண்டியதில்லை. இராசராச சோழன் ஆண்ட காலம் அது. 1688-இல் சென்னை நகராட்சி அமைந்தபோது 12 ஆல்டர்மேன்களில் மூவர் யூத வணிகர்கள். வைரமும் பவளமும் அவர்களின் வாணிகப் பொருள்கள்.

இத்தகைய யூதர்களைக் கொள்ளிடக் கரை மக்கள் நேரில் அறியவில்லை. அவர்கள் கண்ட யூதர்கள் பெரும்பாலும் பாஸ்கா நாடக மேடையில் இயேசுவைச் சிலுவையில் அறையச் சொல்லிக் கூச்சலிடும் கூட்டமே. பாஸ்கா என்ற சொல்லே பெசாக் என்னும் யூதத் திருவிழாவின் பெயரிலிருந்து வந்தது. மேடையில் கண்ணீர் வடிக்கும் மரியாளும் உடனிருக்கும் சீடர்களும் யூதர்களே. ஆனால் பார்வையாளர் மனத்தில் யூதர் என்ற பெயர் எதிர்த்தரப்பின்மேல் மட்டும் படிந்தது. இயேசுவின் பாடுகளுக்கு அக்கால யூதர் அனைவரையுமோ இக்கால யூதரையோ பொறுப்பாளிகளாக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அதற்கு 239 ஆண்டுகளுக்கு முன்பே, தாவீதின் குலத்து யூதத் தச்சர் ஒருவர் தமிழ்க் காப்பியத்தின் தலைவராகிவிட்டார்.