இருபரிமாணக் குறைகடத்திகளில் தற்சுழற்சி முனைவாக்கம் – வரலாறு

தற்சுழற்சி முனைவாக்கம் என்பது ஒரு பொருளிலுள்ள எதிர்மின்னிகளில் மேல்நோக்கிய தற்சுழற்சி கொண்டவையும் கீழ்நோக்கிய தற்சுழற்சி கொண்டவையும் சம எண்ணிக்கையில் இல்லாத நிலையாகும். இரும்பு போன்ற காந்தப் பொருட்களில் இந்நிலை இயல்பாகவே காணப்படுகிறது. காந்தத் தன்மையற்ற குறைகடத்திகளில் இதைப் புறத்திலிருந்து உண்டாக்க வேண்டியுள்ளது. தற்சுழற்சி மின்னணுவியல் கருவிகளுக்கு இதுவே முதல் தேவையாகும்.

தொடக்கம்

1968 இல் பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் லாம்பெல், வட்ட முனைவாக்கம் பெற்ற ஒளியைச் செலுத்திச் சிலிக்கானில் எதிர்மின்னிகளின் தற்சுழற்சியை ஒரு திசையில் திருப்ப முடியும் என்று காட்டினார். 1971 இல் சோவியத் இயற்பியலாளர்களான தியாக்கொனோவ், பெரெல் ஆகியோர், மின்னோட்டத்தைச் செலுத்தினாலே குறைகடத்தியின் ஓரங்களில் எதிரெதிர்த் தற்சுழற்சிகள் சேரும் என்று கணித்தனர். இவ்விளைவு 2004 இல்தான் சோதனையில் நேரடியாகக் காணப்பட்டது.

இருபரிமாண அடுக்குகள்

இரு வேறு குறைகடத்திகள் சந்திக்கும் இடைமுகத்தில், எதிர்மின்னிகள் மெல்லிய தளம் ஒன்றில் மட்டும் நகருமாறு அடைபடுகின்றன. இத்தளத்துக்குச் செங்குத்தான மின்புலம், நகரும் எதிர்மின்னிக்குக் காந்தப்புலம்போலத் தோன்றி அதன் தற்சுழற்சியைத் திருப்புகிறது. இதனை 1984 இல் பிச்கோவ், ராஷ்பா ஆகியோர் விளக்கினர். இதன் அடிப்படையில், வாயில் மின்னழுத்தத்தால் தற்சுழற்சியைக் கட்டுப்படுத்தும் திரிதடையத்தை சுப்ரியோ தத்தா, பிஸ்வஜித் தாஸ் இருவரும் 1990 இல் முன்மொழிந்தனர்.

தடையும் தீர்வும்

இரும்பு மின்முனையிலிருந்து முனைவாக்கம் பெற்ற எதிர்மின்னிகளைக் குறைகடத்திக்குள் அனுப்புவது எளிது எனக் கருதப்பட்டது. ஆனால் 2000 இல் ஷ்மிட் குழுவினரின் கணக்கீடு, வழக்கமான கருவி அமைப்பில் மின்னோட்டத்தின் முனைவாக்கம் 0.1 விழுக்காட்டையும் எட்டாது என்று காட்டியது. உலோகத்தின் கடத்துதிறன் குறைகடத்தியினுடையதைவிட மிக அதிகமாக இருப்பதே இதற்குக் காரணம். இரண்டுக்கும் நடுவே எதிர்மின்னிகள் ஊடுருவிச் செல்லும் மெல்லிய மின்கடத்தாத் தடுப்பை வைத்தால் இக்குறை நீங்கும் என்று ராஷ்பா அதே ஆண்டில் வழி கூறினார்.

2009 இல் தென்கொரியக் குழு ஒன்று, இந்தியம் ஆர்சினைடு அடுக்கில் வாயில் மின்னழுத்தத்தால் தற்சுழற்சியைத் திருப்பிக் காட்டியது. எனினும் அச்சோதனை மிகக் குறைந்த வெப்பநிலையில் நடந்தது.

ஓரடுக்குப் பொருட்கள்

2012 இல் ஓரடுக்கு மாலிப்டினம் டைசல்பைடில், வட்ட முனைவாக்க ஒளி ஒரு குறிப்பிட்ட ஆற்றல் பள்ளத்தாக்கிலுள்ள எதிர்மின்னிகளை மட்டும் கிளர்த்துவதைப் பல குழுக்கள் தனித்தனியே கண்டன. இப்பொருளில் பள்ளத்தாக்கும் தற்சுழற்சியும் பிணைந்திருப்பதால், லாம்பெல் கையாண்ட ஒளிவழி முறை புதிய பயன் பெற்றது.