எட்டு மில்லிகிராம் பாடிக்கு வந்த வழி

சென்னை பாடியில் லூகாஸ் ஸ்டாப் பக்கம் மெடிக்கலில் ‘வாந்தி மாத்திரை’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒண்டான்செட்ரான். பஸ் பயணத்துக்கும் வாங்கிப் போகிறார்கள். அதற்கு இது அவ்வளவாகக் கேட்காது. இந்த எட்டு மில்லிகிராம் மாத்திரைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது புற்றுநோய்க்கான கீமோதான்.

1978-இல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து அனுமதி பெற்றது. கட்டி கரைந்தது, ஆனால் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. மெட்டோகுளோபிரமைடு என்ற பழைய வாந்தி மருந்தை ஏகப்பட்ட அளவில் ஏற்றிப் பார்த்தார்கள். வாந்தி ஓரளவு அடங்கியது. சிலருக்குக் கழுத்து கோணிக்கொண்டது, தாடை இழுத்துக்கொண்டது.

வாந்தியின் வேர் குடலில் இருந்தது. சிஸ்பிளாட்டின் உள்ளே போனதும் குடல் சுவரின் சில செல்கள் செரோட்டோனினைக் கொட்டுகின்றன. அது வேகஸ் நரம்பின் நுனியில் போய் ஒட்டிக்கொள்ள, விஷம் புகுந்துவிட்டதாக மூளைக்குத் தகவல் போகிறது. அந்த நுனியில் செரோட்டோனினுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும் மருந்தான ஒண்டான்செட்ரானை 1980-களில் இங்கிலாந்தின் கிளாக்ஸோ நிறுவனம் உருவாக்கியது. 1991-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஜோஃப்ரான் என்ற பெயரில் வந்தபோது விலை பெரிய மனிதர்களுக்கானது.

இங்கே கதை வேறு. 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளுக்குச் செய்முறை உரிமை மட்டுமே தந்தது, பொருளுக்குத் தரவில்லை. வேறு வழியில் செய்யத் தெரிந்தவர் செய்யலாம். சிப்லாவின் எமிசெட் மாதிரி பெயர்கள் தெருமுனைக் கடைவரை வந்தது அப்படித்தான். அந்தச் சட்டத்துக்குக் கும்பிடு போடாமல் இந்த மாத்திரையின் கதையைச் சொல்ல முடியாது.

பாடியிலிருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்வருவது ஊரையே குறுக்கே கடக்கிற பயணம். டிரிப்ஸ் முடிந்து திரும்பும்போது டீசல் புகை போதும், எதிர்வீட்டுத் தாளிப்பு போதும், வாயில் உமிழ்நீர் ஊறிவிடும். குமட்டிய பிறகு மாத்திரையைத் தேடுவது வீண். கீமோ மருந்து ஏறுவதற்கு முன்பே அது உடம்பில் இருக்க வேண்டும். மலச்சிக்கலும் தலைவலியும் இதன் கூலி. டாக்டரிடம் சொன்னால் அதற்கும் மருந்து உண்டு. சூடாக, மணக்க மணக்கச் சாப்பிடுவதைவிட ஆறிய மோர்சாதம் பலருக்கு எளிதாக இறங்கும்.

இரண்டாம், மூன்றாம் நாள் குமட்டல்தான் ஒண்டான்செட்ரானுக்கு அடங்காதது. அதற்கு 2003-இல் அப்ரெபிடன்ட் வந்தது: முதல் நாள் 125, அடுத்த இரண்டு நாளும் 80 மில்லிகிராம். பிறகு மனநோய்க்குத் தரும் ஒலான்சபைனும் சேர்ந்தது. வழக்கமான 10 மில்லிகிராமில் பகலெல்லாம் தூக்கம். மும்பை டாடா மெமோரியலில் 2.5 மில்லிகிராமே அதற்கு ஈடாக வாந்தியைக் கட்டுப்படுத்தியது, தூக்கக் கலக்கமும் குறைந்தது என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சீட்டில் ஒலான்சபைன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, “யாருக்கும்மா மனசு சரியில்ல?” என்று கடைக்காரர் கேட்டால் கீமோவுக்கு என்று சொன்னால் போதும். ராத்திரி படுக்கப் போகும்போது போட வேண்டிய மாத்திரை அது.