1098: பிள்ளைகள் கேட்டு வாங்கிய எண்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் பெண் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் மாநில எல்லை ஒரு பொருட்டே இல்லை. வடக்கே கர்நாடகத்தின் கோலார் மாவட்டம், கிழக்கே ஆந்திரத்தின் குப்பம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், மாமன் வீட்டுக்குப் போனால் கன்னடம் என்று மூன்றும் புழங்கும் ஊர்கள். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று பேசி முடித்த கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் இடைஞ்சல் வரும் என்று தெரிந்தால், தாலி கட்டுவதை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். பெண்ணுக்கு வயது பதினான்கோ பதினைந்தோ என்றால் அந்த வசதி பெரிய வசதி.

2025 மார்ச்சில் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டி மலைப்பகுதியில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கர்நாடகத்து மலைக்கிராமத்து ஆளுக்குக் கட்டிவைத்து, அவள் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போன காட்சி கைப்பேசிகளில் பரவியது. பிறகு வழக்கு வந்தது, கைதும் நடந்தது. ஆனால் தாலி ஏறுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்காக யாராவது ஓடி வந்திருக்க வேண்டும். அப்படி ஓடி வருவதற்கென்றே இந்த நாட்டில் ஓர் எண் உண்டு. பத்து தொண்ணூற்றெட்டு என்று நம் பக்கம் சொல்கிறோம்.

அது பிறந்த இடம் பம்பாய் ரயில் நிலையங்கள். 1990-களின் தொடக்கத்தில் ஜெரு பில்லிமோரியா என்ற பெண் அங்கே டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப்பணி கற்பித்துக்கொண்டிருந்தார். பிளாட்பாரத்தில் வாழும் பிள்ளைகளையும் இரவுக் காப்பகங்களில் படுக்கும் பிள்ளைகளையும் பார்க்கப் போவார். ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று தன் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் கூப்பிட்டார்கள், பெரும்பாலும் இரவில். ஒருவனுக்கு அடிபட்டிருக்கும், ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொருவனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கும். அழுக்குச் சட்டையோடு போய் நிற்கும் பையனை வாசலிலேயே விரட்டும் நகரத்தில், கூடவே ஒரு பெரியவர் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். பிள்ளைகள் கேட்டது அந்தத் துணையைத்தான்.

ஒருவருடைய வீட்டுத் தொலைபேசி எத்தனை பிள்ளைகளைத் தாங்கும்? எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் வேண்டும், அதுவும் இலவசமாக வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. ஒரு ரூபாய்க் காசு போட்டால்தான் பேசும் பெட்டிகளின் காலம் அது. அந்த ஒரு ரூபாய் அன்று சாப்பிடாத பையனிடம் இருக்காது. தொலைத்தொடர்புத் துறையை இதற்கு இணங்க வைக்கவே சில ஆண்டுகள் பிடித்தன. எண்ணைத் தேர்ந்ததிலும் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் இந்தியில் சொன்னால் பாட்டு மாதிரி வரும், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் மறக்காது. 1996 ஜூனில் சைல்டுலைன் என்ற பெயரில் இந்தச் சேவை தொடங்கியது. தெருவில் வளர்ந்த இளைஞர்களும் அதில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எந்தப் பிளாட்பாரத்தில் எந்தத் தூணுக்குப் பின்னால் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்குப் பத்தாண்டு முன்பே, 1986-இல், இங்கிலாந்தில் எஸ்தர் ரான்ட்சன் என்ற தொலைக்காட்சிப் பெண்மணி அதே பெயரில் ஒரு சேவையைத் தொடங்கியிருந்தார். அங்கே முதன்மையான வேலை கேட்பதும் ஆறுதல் சொல்வதும். நம் நாட்டில் பேச்சோடு விட்டால் பயனில்லை. அதனால் இங்கே ஒரு கெடு வைத்தார்கள்: கூப்பிட்ட 60 நிமிடத்துக்குள் ஆள் நேரில் போய் நிற்க வேண்டும். சைல்டுலைனின் உயிர் இந்த விதியில்தான் இருக்கிறது என்பேன்.

இன்னொரு பழக்கமும் நம் சைல்டுலைனில் ஊறியது. வந்த அழைப்புகளில் பெரும்பங்கு பேச்சே இல்லாதவை. மணி அடிக்கும், எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், வைத்துவிடுவார்கள். வேறு அலுவலகமாக இருந்தால் தொல்லை என்று தள்ளியிருப்பார்கள். இவர்கள் அதையும் பதிவுசெய்தார்கள். சொல்ல வந்து சொல்ல முடியாமல் போன பிள்ளை நாளைக்கு மறுபடி கூப்பிடும், அப்போது கேட்கிற குரல் சிடுசிடுக்கக் கூடாது என்று பணியாளர்களைப் பழக்கினார்கள்.

1999-இல் இதற்கென சைல்டுலைன் இந்தியா பவுண்டேஷன் உருவானது. மத்திய அரசு பணம் கொடுக்க, ஊர் ஊராகத் தன்னார்வ அமைப்புகள் களத்தில் ஓட, 1098 நாடெங்கும் பரவியது. 2023-இல் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டிலும் அது அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்து, போலீஸுக்கும் பொதுவான 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டது. போலீஸைக் கண்டால் ஓடும் பிள்ளை இனி கூப்பிடுமா என்று களத்தில் இருந்தவர்கள் அப்போதே கவலைப்பட்டார்கள். எனக்கும் அந்தக் கவலை உண்டு. எடுக்கும் குரலும் வரும் ஆளும் யார் என்பதைப் பொறுத்துத்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு.

வேப்பனப்பள்ளிக்கு அந்த 60 நிமிடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, தமிழ்நாட்டில் நடந்து முடிந்த பாலிய கல்யாணம் பொதுவாகத் தானாகச் செல்லாமல் போகாது. சம்பந்தப்பட்ட பெண்ணே, 18 வயது முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள், நீதிமன்றம் போய் ரத்து கேட்க வேண்டும். கர்நாடகம் தன் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அப்படிப்பட்ட கல்யாணத்தை ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஆக்கிவிட்டது. ஒரே சாமியைக் கும்பிடும் இரண்டு கிராமங்கள், நடுவில் ஓர் எல்லைக் கல், இரண்டு சட்டம். இந்தத் திருத்தத்தைத் தமிழ்நாடும் செய்ய வேண்டும். மாமனார் வீட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கோர்ட்டுக்குப் போ என்று சொல்வது நியாயமே இல்லை.

இப்போது பல கல்யாணங்கள் வெளியே தெரிவதே ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். கர்ப்பத்தைப் பதிவுசெய்ய ஆதார் கேட்கும்போது நர்ஸம்மாவுக்கு வயது தெரிகிறது. அங்கிருந்து தகவல் போகும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கு வரும், புருஷன் சிறைக்குப் போவான், பெண் வயிற்றோடு தாய்வீடு திரும்புவாள். யாருக்கும் நல்லதாக முடியாத கட்டம் அது. கல்யாணத்துக்கு முந்தைய நாள் தகவல் கிடைத்தால் நிலைமையே வேறு. மாவட்டச் சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். அவர் மூலம் நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்கலாம். அந்த ஆணையை மீறி நடக்கும் கல்யாணம், அதே 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படியே அடியோடு செல்லாது. பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தி, தேவைப்பட்டால் விடுதியில் சேர்த்து, படிப்பைத் தொடர வைக்க முடியும்.

ஆகவே கூப்பிடுபவருக்கு: உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் பெயர், படிக்கும் பள்ளி, வகுப்பு, கல்யாண நாள், இடம் கோயிலா மண்டபமா வீடா என்பது, மாப்பிள்ளை ஊர், அது எந்த மாநிலம் என்பது, இவ்வளவு போதும். எல்லையோரத்தில் கைப்பேசி பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது வழக்கம்தான், அதனால் முதல் வாக்கியத்திலேயே கிருஷ்ணகிரி மாவட்டம், வேப்பனப்பள்ளி என்று சொல்லிவிடுங்கள். தெலுங்கிலோ கன்னடத்திலோதான் சொல்ல வருமென்றால் அதிலேயே சொல்லுங்கள். பத்திரிகை அடிக்கும் வரை காத்திருக்காமல், பூ வைத்த செய்தி காதில் விழுந்த அன்றே கூப்பிடுங்கள்.