சோ நகர மேரும் முகக்கவசமும்

சோ என்றதும் நம்மவர்களுக்குத் துக்ளக் ஆசிரியர்தான் நினைவுக்கு வருவார். நான் சொல்வது பாரிசுக்குத் தெற்கே உள்ள ஒரு சின்ன ஊர். பிரெஞ்சில் ஆறு எழுத்து எழுதிவிட்டு 'சோ' என்று ஓர் எழுத்தாக உச்சரிப்பார்கள். என் தங்கை அந்தப் பக்கத்தில்தான் நாற்பது வருடங்களாக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சொல்தா பென்ஷன்காரர்.

2020 ஏப்ரலில் ஒருநாள் போன் செய்தாள். "அண்ணே, எங்க மேர் ஆர்டர் போட்டுட்டாரு. வாயையும் மூக்கையும் மூடாம வெளிய வரக்கூடாதாம். கடையில மாஸ்க்கே கிடைக்கல. அண்ணி குடுத்த சுங்குடிப் புடவையைக் கிழிச்சு நாலு தைச்சு வச்சிருக்கேன்" என்றாள். பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அந்த ஆணை பொருந்தும். தேதி ஏப்ரல் 6. அந்த மேரை எனக்குப் பிடித்துவிட்டது.

மூன்றே நாளில், 9ஆம் தேதி, செர்ஜி-பொந்துவாஸ் நிர்வாக நீதிமன்றம் ஆணையை நிறுத்தி வைத்தது. வழக்குப் போட்டது மனித உரிமைக் கழகம். மேர் மேல்முறையீடு செய்தார். 17ஆம் தேதி கொன்செய் தெத்தா, அதாவது அந்நாட்டு நிர்வாக வழக்குகளுக்கான உச்ச மன்றம், நிறுத்தி வைத்தது சரியே என்றது. தங்கைக்கு ஒரே கோபம். "நல்லது செய்யப் போனவரை இப்படிப் பண்ணிட்டாங்களே!"

அவள் மகன் தீர்ப்பை அனுப்பி வைத்தான். ஊரடங்கில் எனக்கு வேறென்ன வேலை? பள்ளியில் படித்த பிரெஞ்சு, பழைய கோப்புகளைப் பார்த்துப் பார்த்து ஆபீசிலும் துருப்பிடிக்காமல் இருந்தது. மூன்று முறை படித்தேன்.

பிரெஞ்சுக்காரன் சட்டத்தில் மேர் சாதாரண ஆள் இல்லை. 1884 ஏப்ரல் 5ஆம் தேதிச் சட்டமே ஊரில் தொற்றுநோய் வராமல் தடுப்பதை அவர் கடமைகளில் ஒன்றாகச் சொல்லிவிட்டது. மேலதிகாரி ஒரு விதி போட்டிருந்தால் மேர் அதைத் தளர்த்த முடியாது. ஊர் நிலைமை அப்படியிருந்தால் கடுமையாக்கலாம். இதற்கு 1902இல் ஒரு தீர்ப்பு உண்டு. பிரெஃபே சூதாட்டத்தைத் தடை செய்து, வெந்நீர் ஊற்று ஊர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க இடம் வைத்திருந்தார். நெரி-லெ-பேன் என்ற ஊற்று ஊரின் மேர், எங்களுக்கு விலக்கே வேண்டாம் என்று முழுத் தடை போட்டார். பிரெஃபே அதை ரத்து செய்ய, கொன்செய் தெத்தா மேர் பக்கம் நின்றது. இதை வைத்துப் பார்த்தால் சோ மேர் ஜெயித்திருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் 2020 மார்ச் 23ஆம் தேதிச் சட்டம் ஆட்டத்தை மாற்றிவிட்டது. சுகாதார நெருக்கடி நிலை என்று ஒன்றை உண்டாக்கி, பிரதமர், சுகாதார அமைச்சர், பிரெஃபே ஆகியோரிடம் அதிகாரத்தைக் கொடுத்தது. அதன் பிறகும் மேர் தன் பங்குக்கு விதி போடலாமா? மன்றம் கதவை முழுக்கச் சாத்தவில்லை. இரண்டு நிபந்தனை வைத்தது. அந்த ஊருக்கே உரிய கட்டாயமான காரணம் இருக்க வேண்டும். அரசின் ஏற்பாடுகளோடு முரண்படக் கூடாது.

எங்கள் ஊரில் வயதானவர்கள் அதிகம், கடைகளெல்லாம் ஒரே தெருவில் நெருங்கியிருக்கின்றன என்றார் மேர். அதெல்லாம் போதாது என்றது மன்றம். வயதானவர் எந்த ஊரில் இல்லை?

அந்த நாட்டில் சுமார் 35,000 கொம்யூன்கள். அந்த மார்ச்சில் சில மேர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லிசியே மேர் இரவு ஊரடங்கு போட்டார். கான் நகர நீதிமன்றம் அதை நிறுத்தியது. சனாரி-சுர்-மேர் என்ற கடற்கரை ஊரில் வீட்டிலிருந்து 10 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் ஆணை வந்து, பிறகு வாபஸ் ஆனது. பத்து மீட்டரில் நம் வீட்டுக் குப்பைத் தொட்டிக்கே போக முடியாது! ஆளுக்கொரு விதி போட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று, முப்பது வருடம் சுற்றறிக்கைகளுக்கு நடுவே இருந்த குமாஸ்தா புத்தி எனக்கும் சொல்லத்தான் செய்தது.

இருந்தாலும் தீர்ப்பில் ஓர் இடம் உறுத்தியது. எந்தத் துணியையாவது கட்டிக்கொண்டால் போதும் என்பது மக்களைத் தவறாக நம்ப வைக்கும் என்று எழுதியிருந்தார்கள். அரசு எல்லோருக்கும் கட்டாயமாக்காத காலத்தில் மேர் கட்டாயமாக்கினால் குழப்பம் வரும் என்றும் இருந்தது. அரசு ஏன் கட்டாயமாக்கவில்லை? மாஸ்க் கையிருப்பு இல்லை. இல்லாமையே கொள்கையாகிவிட்டது. ஜூலை 20 முதல் மூடிய பொது இடங்களில் நாடு முழுக்க மாஸ்க் கட்டாயம். செப்டம்பரில் அதே கொன்செய் தெத்தா, லியோனிலும் ஸ்திராஸ்பூரிலும் பிரெஃபே தெருவிலேயே கட்டாயமாக்கலாம் என்றது. அப்போது தங்கையின் சுங்குடி மாஸ்க்கைக் குறை சொல்ல யாருமில்லை.

நோய் விஷயத்தில் மேர் சொன்னது சரி. அதிகாரம் அவருடையதாக இல்லை. இதைத் தங்கையிடம் போனில் விளக்கப் பார்த்தேன். "நீங்க கவர்மெண்ட் ஆளு, அப்படித்தான் பேசுவீங்க" என்று வைத்துவிட்டாள்.

நம் நாட்டில் அந்த ஏப்ரலில் மத்திய அரசு மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சொன்னது நேர் எதிர்: நாங்கள் போட்டதைத் தளர்த்தாதீர்கள், வேண்டுமானால் இன்னும் கடுமையாக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஊராட்சி, நகராட்சி என்றால் புதுச்சேரியில் கேள்வியே எழவில்லை. 1880லேயே கொம்யூன்களுக்குத் தேர்தல் வைத்த ஊர் இது. சுதந்திரத்துக்குப் பிறகு 1968இல் ஒரு தேர்தல், 2006இல் ஒரு தேர்தல். 2011இல் அவர்கள் காலம் முடிந்தது, அதன்பின் கமிஷனர்கள்தான். தவறான ஆணை போடவும் ஒரு மேர் இல்லை, அவர் மேல் வழக்குப் போடவும் வழியில்லை. நாம் மேரி என்று சொல்லும் கட்டடமும் 2014 மழையில் இடிந்து, அந்தத் தொற்று வருடத்தில் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

2022இல் தங்கை வந்திருந்தாள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்தோம். புது மேரியின் முன் நின்று தூண்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்ப இங்க யாருண்ணே மேர்?" என்றாள்.

யாரும் இல்லை என்றேன். எத்தனை வருடமாக என்று கேட்டாள். பதினொன்று என்றேன்.