சமவாய்ப்பு மருத்துவச் சோதனையும் அதன் அறமும்

எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போல முடிவுசெய்து, இரு குழுக்களையும் ஒப்பிடுவது சமவாய்ப்புச் சோதனை. தேறக்கூடியவர்களுக்கே புது மருந்தைக் கொடுத்து அதற்குப் பேர் வாங்கித் தரும் தவறு இதில் நேராது. ஆனால், உயிரைக் குலுக்கலில் விடலாமா?

பிரிட்டனில் 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்விலேயே இந்தக் கேள்வி இருந்தது. காசநோயாளிகள் 107 பேரில் 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். மற்ற 52 பேருக்கு ஓய்வு மட்டும். எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லாதபோது குலுக்கலே நியாயம் என்று கருதினார் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். மருந்து கிடைக்காதவர்களுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதுகூடத் தெரியாது.

காசநோயில் இன்னொரு பெரிய சோதனை சென்னையில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பின்னாளில் சேத்துப்பட்டின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது அதுதான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு இல்லாமல் காசநோய் தீராது என்று உலகமே நம்பிய காலம். நாட்டிலோ நோயாளிகளுக்கு ஈடாகப் படுக்கைகள் இல்லை. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் மருத்துவமனையில் சேர்த்தது. மற்றவர்களை மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பியது. ஒரே அறையில் பிள்ளைகுட்டிகளோடு படுத்துறங்கும் வீடுகள் அவை. தொற்று பரவினால் யார் பொறுப்பு? இதை உணர்ந்தே பணியாளர்கள் சொல்லாமல் வீடு தேடிப் போனார்கள், மாத்திரைகளை எண்ணினார்கள், குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் பரிசோதித்தார்கள். 1959இல் முதல் முடிவு வந்தது: வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய மருத்துவமனைக்கு நிகராகவே பலன் தந்திருந்தது. வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்பது பின்னர் தெரிந்தது. காசநோயாளியை ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கும் வழக்கம் உலகெங்கும் தளர இந்த ஆய்வு முக்கியக் காரணம்.

அந்தக் குலுக்கல் நியாயமானது. எது மேல் என்று மருத்துவர்களுக்கே அப்போது தெரியாது; இரு குழுக்களுக்கும் மருந்தும் கிடைத்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வை அப்படிச் சொல்லிவிட முடியாது. 114 ஊர்த் தொகுதிகளில் பாதியில் பெண்களுக்கு வினிகர் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை நடந்தது. மறுபாதியில் விழிப்புணர்வும் வழக்கமான மருத்துவமும் மட்டும். பரிசோதனை நடந்த ஊர்களில் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் தெரிந்தது. திண்டுக்கல்லிலும், இதேபோல் மும்பை, உஸ்மானாபாத்திலும் நடந்த ஆய்வுகளில் பரிசோதனை கிடைக்காத குழுக்களில் 254 பெண்கள் இதே புற்றுநோயால் இறந்ததாக அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா சுட்டிக்காட்டினார். அன்றைய இந்தியாவில் எந்தப் பரிசோதனையும் இல்லாததே வழக்கம் என்றது ஆய்வை ஆதரித்த தரப்பு. முன்கூட்டிய பரிசோதனை இந்நோயைத் தடுக்கும் என்பது மேலை நாடுகளில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. வறுமையை அளவுகோலாக வைத்த அந்தச் சமாதானம் போதாது.

இந்தியாவில் 2009 முதல் மருத்துவச் சோதனைகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். 2019இன் விதிகள் சோதனையால் நேரும் பாதிப்புக்கு இழப்பீடு கோருகின்றன. ஒப்புதல் படிவம் உங்கள் கைக்கு வந்தால், மற்றக் குழுவுக்கு என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலக உங்களுக்கு உரிமை உண்டு.