அபெத்தோன்

எபிரேய விவிலியத்தில் அழிவையும், அழிந்தோர் கிடக்கும் பாதாளத்தையும் குறிக்கும் பெயர். ‘அழிந்துபோ’ எனப் பொருள்படும் ‘ஆபத்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. வடமொழி வழிவந்த நம் ‘ஆபத்து’க்கும் இதற்கும் உறவில்லை.

பழைய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் வருகிறது. அவற்றுள் மூன்று யோபு நூலில். பெரும்பாலும் அது ஓர் இடம். யோபு 28-இல் மட்டும் மரணத்தோடு சேர்ந்து வாய் திறந்து பேசுகிறது. தமிழ் வாசகர் அங்கே ‘நாசம்’ என்றே படிப்பார்.

வெளிப்படுத்தின விசேஷம் 9:11-இல் அது ஆளாகிறது: பாதாளத்திலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகளின் அரசன். வெட்டுக்கிளிக்கு அரசனே இல்லை என்று நீதிமொழிகள் 30 சொல்லியிருக்க, இங்கே ஒருவன் முளைப்பது வியப்புதான். அவனது கிரேக்கப் பெயர் அப்பொல்லியோன். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678-இல் வெளியான தம் நூலில் அவனைப் பயணியை வழிமறிக்கும் அரக்கனாக்கினார். அந்நூலைத் தழுவியதே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’.