மூவேந்தரும் தேடிய வேல்

மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் தென்பெண்ணைக்கு வந்து நிற்கும் கூட்டம் மலையமான் திருமுடிக்காரியின் நாட்டில்தான் நிற்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு அவனை விட்டுவிட்டோம். காரி முதலில் போர்வீரன், அவன் கொடை அந்த வீரத்தில் விளைந்தது என்பதே என் கட்சி. புறநானூறு 122-இல் கபிலர் சொல்வதைப் பாருங்கள்: மூவேந்தரில் ஒருவர் துணைக்கு அழைத்துப் பொருள் தருகிறார், அது இரவலருக்குப் போய்விடுகிறது, மனைவியின் தோளன்றி அவனுக்கென்று எதுவும் இல்லை.

பரிசில் பெற்ற புலவர் மிகைப்படுத்தியிருப்பார் என்று சொல்லலாம். ஆனால் காரியைப் புகழவேண்டிய தேவையே இல்லாத அகப்பாடல்களிலும் அவன் வருகிறான். ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூறு 209-இல் ஓர் உவமையாக வந்துபோகிறது. நற்றிணை 170-இல் விறலி ஒருத்தியின் அழகைக் கண்டு அஞ்சும் தோழி, காரியின் முள்ளூரை வளைத்த ஆரியர் மலையனான அவனது ஒரே வேலுக்கு ஓடியதை நினைக்கிறாள். ஊரறிந்த செய்திதான் உவமையாகும். புகழுரையைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

கூலிக்குப் போரிட்டவன் வீரனா என்றும் கேட்பார்கள். கிரேக்கரின் இலியத்தில் சார்ப்பிடான் என்ற லைசிய மன்னன், தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத கிரேக்கரோடு திராய் நகருக்காகப் போரிட்டு மடிகிறான். அவனை யாரும் கூலிக்காரன் என்பதில்லை. மூன்று பேரரசுகளுக்கு நடுவே சிறு மலைநாட்டை வைத்திருந்தவனுக்குத் தன் வேலின் தேவையை வேந்தர்களுக்கு உணர்த்துவதே அரணாக இருந்திருக்கும்.

அந்த அரணும் ஒருநாள் உடைந்தது. மணலூர்பேட்டைக்கு அருகே ஜம்பைக் குன்றில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, காரியின் பகைவன் அதியமான், அதாவது அதியன் நெடுமான் அஞ்சி, அளித்த பாளி என்னும் குகை உறைவிடத்தைக் குறிக்கிறது. அந்தக் கொடை ஒன்றே வெற்றிக்குச் சான்றாகாது. அயல்நாட்டிலும் அறம் செய்யலாம். ஆனால் அதியமான் காரியின் ஊரான கோவலூரை அழித்ததை ஔவையார் புறநானூறு 99-இல் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவன் கை இங்கே நீண்டிருந்தது தெளிவு. காரியின் ஊரருகே, கல்லில் பகைவன் பெயர் நிலைத்திருக்கிறது.

பிறகும் ஆபத்து தொடர்ந்தது: மலையமானின் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இடவிருந்தபோது கோவூர்கிழார் பாடி மீட்டார். மலையமான் குடி அழியவில்லை. முதலாம் இராசராசனைப் பெற்ற வானவன் மாதேவி அந்தக் குடியில் பிறந்தவள்.